‘தேவைப்பட்டால்’ என்றொரு சொல்

இங்கே வழக்கமாக வருகிறவர்கள் சங்கப் பாடல் பற்றியோ நடுகல் பற்றியோ ஏதாவது இருக்கும் என்று நினைத்து வருவீர்கள். இந்த முறை நான் உட்கார்ந்து வாசித்த பிரதி ஒரே ஒரு பக்கம்தான். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து மங்கிப்போன ஏ4 தாள். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன்னால் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகளுக்கான குறிப்பு. மலைக்குக் கீழே ஒரு தனியார் மருத்துவமனையில் கொடுத்தார்கள். பெயர் வேண்டாம். தலைப்பை மட்டும் மாற்றி இதே தாளை எந்த ஊரிலும் கொடுக்கலாம். மொத்தம் 14 வரி. அதில் 11-ஆவது வரி: “தேவைப்பட்டால் உடை மாற்ற வேண்டியிருக்கும்.”

இந்த ஒரு வரியால் என் ஆபரேஷன் ஏழு வாரம் தள்ளிப்போனது. அதனால் இதற்கு விமர்சனம் எழுத எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

விவரம் இதுதான். நான் கொல்லிமலையில் தமிழ் ஆசிரியை. வயது 44, உயரம் 156 செ.மீ., எடை 104 கிலோ. பி.எம்.ஐ. கணக்கு போட்டால் 42.7 வருகிறது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. இந்த ஆபரேஷன் யாருக்குச் செய்யலாம் என்பதற்கு அமெரிக்காவில் 1991-ல் ஒரு நிபுணர் குழு எல்லை வகுத்தது: பி.எம்.ஐ. 40-க்கு மேல், அல்லது கூடவே நோய் இருந்தால் 35-க்கு மேல். 2022-ல் இத்துறையின் சர்வதேசச் சங்கங்கள் அதை 35 என்று தளர்த்தின. ஆசிய உடம்புக்கு 27.5-லேயே யோசிக்கலாம் என்றும் சொன்னார்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் நான் உள்ளேதான் இருக்கிறேன். இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவோம் என்று டாக்டர் சொன்னபோது சரி சார் என்று தலையாட்டினேன். ஈசிஜி அறையின் கதவைத் திறந்தபோதுதான் கால் நகரவில்லை.

செம்மேட்டில் முதல் பஸ். வெறும் வயிறு. காரவள்ளி வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு. கூட அக்கா. ரத்தம் கொடுத்தேன், எடை பார்த்தார்கள், அதெல்லாம் ஒன்றுமில்லை. ஈசிஜி அறைக்குள் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவன் என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் படித்த பையன். “வணக்கம் டீச்சர்” என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா, அப்புறம் வரேன்.” காலை பத்தே கால் மணி. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. அது அவனுக்கும் தெரியும். அவனும் அந்தப் பஸ்ஸில் ஏறி இறங்கி வளர்ந்தவன்தானே.

திரும்பி வரும்போது அக்கா வளைவுக்கு ஒரு தடவை திட்டிக்கொண்டே வந்தாள். “டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் எதையும் மறைக்கக் கூடாதுடி. அவங்க உன்ன மாதிரி எத்தன பேரப் பார்த்திருப்பாங்க?”

இந்த இரண்டு வாக்கியமும் எல்லா வீட்டிலும் உண்டு. முதல் வாக்கியம் பேச்சைப் பற்றியது. என்ன சாப்பிட்டாய், எத்தனை நாளாக வலிக்கிறது, மாத்திரையை நிறுத்தினாயா என்பதில் பொய் சொல்லாதே என்கிறது. வக்கீலையும் கூடச் சேர்த்திருப்பதிலேயே தெரியவில்லையா? வக்கீல் முன்னால் யாரும் ஜாக்கெட் கழற்றுவதில்லை. இரண்டாவது வாக்கியம் இன்னும் மோசம். அவர்கள் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கலாம். நான் ஒருத்திதான், எனக்கு இது முதல் தடவை. பார்க்கிறவருடைய பழக்கம் எப்படிக் காட்டுகிறவளுக்கு ஆறுதலாகும்? துணிக்கடைக்காரர் தினம் நூறு புடவை விரிக்கிறார் என்பதற்காக என் வீட்டு பீரோவை அவரிடம் திறந்து காட்டிவிடுவேனா?

அன்றைக்கு ராத்திரி அந்தத் தாளைச் சிவப்புப் பேனாவோடு எடுத்துவைத்துக்கொண்டேன். தொழில் புத்தி.

முதலில் கண்ணில் பட்டது வினைமுற்றுகள். “இரத்தம் எடுக்கப்படும்.” “எடை அளக்கப்படும்.” “ஈசிஜி எடுக்கப்படும்.” “எக்கோ பார்க்கப்படும்.” எல்லாமே செயப்பாட்டு வினை. இந்த அமைப்பில் செய்கிறவர் மூன்றாம் வேற்றுமையில் ‘ஆல்’ உருபோடு வர வேண்டும், பெரும்பாலும் விட்டுவிடுவோம். 14 வரியிலும் விட்டிருக்கிறார்கள். எடுப்பது ஆணா பெண்ணா, டாக்டரா டெக்னீஷியனா, ஒருவரா மூன்று பேரா? ஆள் கிடையாது. ஈசிஜி தானாகவே எங்கிருந்தோ எடுக்கப்பட்டு விடுகிறது. எங்கிருந்து என்பதும் கிடையாது. என் நெஞ்சும் அந்த வாக்கியத்தில் இல்லை.

அடுத்தது ‘தேவைப்பட்டால்’. யாருக்குத் தேவைப்பட்டால்? அந்த நான்காம் வேற்றுமையும் காணோம். தேவை என்பதை யார், எப்போது முடிவுசெய்வார்? நான் மேஜையில் படுத்த பிறகா? மூன்று ராத்திரி இந்தச் சொல்லில்தான் தூக்கம் போனது. “ஈசிஜிக்கு மார்புப் பகுதித் துணியை அகற்ற வேண்டும்” என்று எழுதியிருந்தால் ஒரு ராத்திரி அழுதிருப்பேன், அவ்வளவுதான்.

பிறகு ‘உடை மாற்ற’. நன்னூல் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. வகுப்பில் இதற்கு உதாரணம் தேடி நான் திண்டாடுவதுண்டு. இந்தத் தாளில் மூன்றுமே இருக்கின்றன. கழற்ற என்று சொல்ல வேண்டிய இடத்தில் மாற்ற என்பது இடக்கரடக்கல். ‘ஓ.ஜி.டி.’, ‘பி.எஃப்.டி.’ என்று விளக்கமே இல்லாமல் போட்டிருப்பது குழூஉக்குறி. அந்தக் குழுவில் நான் இல்லை. மங்கலத்துக்குப் பிறகு வருகிறேன்.

இந்த ஏழு வாரத்தில் நான் செய்த உருப்படியான வேலை, ஒவ்வொரு பரிசோதனைக்கும் எந்தத் துணி எவ்வளவு நேரம் விலகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டது. சேலத்தில் நர்ஸாக இருக்கும் ஒரு தோழி உதவினாள். முதல் ஆச்சரியம், பாதிக்கு மேல் எதையுமே கழற்ற வேண்டாம். பி.எஃப்.டி. என்பது ஒரு குழாயில் ஊதுவது. மூச்சின் அளவைப் பார்க்கிறார்கள். ஓ.ஜி.டி. என்பது வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி. இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் போதும், பல்செட் இருந்தால் எடுக்க வேண்டும். வீட்டிலேயே செய்கிற தூக்கப் பரிசோதனை என்றால் பெல்ட்டை நைட்டிக்கு மேலேயே கட்டலாம். வயிற்று ஸ்கேனுக்கு ஜாக்கெட் அப்படியே இருக்கட்டும், பாவாடை முடிச்சைத் தளர்த்திக் கொஞ்சம் இறக்க வேண்டும். மீதி இருப்பது மூன்று: ஈசிஜி, எக்கோ, நெஞ்சு எக்ஸ்ரே.

ஈசிஜிக்குப் பத்து ஒயர். கை கால்களுக்கு நான்கு, நெஞ்சுக்கு ஆறு. முதல் இரண்டும் நடு நெஞ்செலும்புக்கு இரண்டு பக்கமும். மற்றவை இடது மார்புக்குக் கீழே வளைந்து அக்குள் வரைக்கும் போகும். அதனால் ‘தேவைப்பட்டால்’ என்பதற்கே இடமில்லை, ஜாக்கெட் கொக்கி எல்லாம் திறக்க வேண்டும், பாடியைக் கழற்ற வேண்டும் அல்லது மேலே தூக்கிவிட வேண்டும். ஆனால் மிஷின் பதிவு செய்கிற நேரம் வழக்கமாகப் பத்து விநாடிதான். ஒயர் பொருத்தியதும் மேலே ஒரு துணியைப் போர்த்திவிடலாம், அதனால் பதிவு ஒன்றும் கெடாது. இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம்! எக்கோதான் நீளமானது. இருட்டாக்கிய அறையில் இடப்பக்கம் ஒருக்களித்து, கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுத்திருக்க, ஜெல் தடவி அரை மணி நேரம் போல ஆகும். குண்டான உடம்பில் படம் தெளிவாக விழாது, அதனால் இன்னும் அழுத்தி, இன்னும் தேடுவார்கள். வலப்பக்கத்தை மூடியே வைத்துக்கொள்ளலாம்.

நான் பயந்தது வெறும் வெட்கத்தால் மட்டுமல்ல என்பதையும் எழுதிவிடுகிறேன். என் கழுத்தின் பின்னாலும் அக்குளிலும் கறுப்பு படர்ந்திருக்கிறது. சின்ன வயசில் அழுக்கு என்று அம்மா பீர்க்கங்கூட்டால் தேய்ப்பாள். தோல் உரியும், கறுப்பு போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் தோல் அப்படித் தடித்துக் கறுக்கும் என்பது சர்க்கரை வந்த பிறகுதான் தெரிந்தது. மார்புக்குக் கீழேயும் வயிற்று மடிப்பிலும் வேர்வை தங்கிப் புண்ணாகும். பவுடர் போட்டு மறைத்து வைத்திருந்தேன். ஈசிஜியின் ஒயர் போகிற பாதை சரியாக அதே மடிப்புதான். மாணவன் பார்ப்பான் என்பதைவிட, “டீச்சர் சுத்தமாக இருக்க மாட்டாங்களா” என்று நினைப்பானோ என்பதுதான் என்னை பஸ் ஸ்டாண்டுக்குத் துரத்தியது. ஆனால் அந்தப் புண்ணை டாக்டர் ஆபரேஷனுக்கு முன்னால் பார்த்தே ஆக வேண்டும், ஆற்றிவிட்டுத்தான் கத்தி வைக்க முடியும். நான் மறைத்தது அவருக்கு மிகவும் தேவையான இடத்தை.

அமெரிக்காவில் 2006-ல் வந்த ஓர் ஆய்வு குண்டான பெண்கள் புற்றுநோய்ப் பரிசோதனைகளை ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்று கேட்டது. மரியாதைக் குறைவு, எடை பார்க்கும்போது வருகிற கூச்சம், கேட்காமலே கொடுக்கப்படும் அறிவுரை, உடம்புக்குப் போதாத கவுனும் மேஜையும் என்று பதில் வந்தது. கவுன்! எனக்குக் கொடுத்த கவுனில் பின்பக்க நாடா இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதோடு சரி. எடைக் குறைப்பு சிகிச்சை செய்கிற இடத்தில் யாருக்காக அந்தக் கவுனைத் தைத்தார்கள் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

இப்போது மங்கலம். தாளில் 6-ஆவது வரி “நகைகள் அணிந்து வர வேண்டாம்” என்கிறது. தாலி நகையா? தாலிச்சரடு அறுந்தால்கூட ‘பெருகிவிட்டது’ என்று சொல்கிற ஊரில், கழற்று என்ற வினையை அதோடு சேர்த்து எழுத யாருக்கும் கை வரவில்லை போலிருக்கிறது. எக்ஸ்ரேயில் தாலியின் நிழல் நுரையீரல் மேல் விழும். ஆபரேஷனில் மின்சாரத்தால் ரத்தக்குழாயைக் கருக்கும் கருவி வைத்திருப்பார்கள், உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது, மெட்டியும் சேர்த்துத்தான். ஜாக்கெட்டைக் கழற்றச் சம்மதித்துவிட்டுத் தாலிக்கு மட்டும் வாசலில் நின்று அழுத ஒரு பாட்டியை நான் அன்று பார்த்தேன். அனுபவம் உள்ள ஆயா ஒருவர் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டிவிட்டு, பொன்னை மருமகளிடம் கொடுத்தார். இரண்டு நிமிஷத்தில் தீர்ந்தது. அந்த ஆயாவுக்குத் தெரிந்தது தாள் எழுதியவருக்குத் தெரியவில்லை.

இந்தக் கூச்சமெல்லாம் மருத்துவத்துக்கு இடைஞ்சல் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு செய்தி. டாக்டர் கழுத்தில் தொங்குகிறதே ஸ்டெதஸ்கோப், அது பிறந்ததே ஒரு குண்டான பெண்ணின் முன்னால்தான். 1816, பாரிஸ் நகரில் நெக்கர் மருத்துவமனை. லென்னெக் என்ற டாக்டரிடம் இதயக் கோளாறோடு ஓர் இளம்பெண் வந்தாள். அந்தக் காலத்தில் நெஞ்சில் நேரே காதை வைத்துக் கேட்பார்கள், அல்லது விரலால் தட்டிப் பார்ப்பார்கள். பருத்த உடம்பில் தட்டிப் பார்த்துப் பயனில்லை. வயதையும் பெண் என்பதையும் நினைத்துக் காதை வைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. ஒரு கட்டுத் தாளை இறுகச் சுருட்டி ஒரு முனையை நெஞ்சிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தார். நேரே கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது. பிறகு மரக்குழாய் ஆனது; 1819-ல் புத்தகம் எழுதினார். வெட்கப்படாதே அம்மா என்று அவர் அதட்டியிருந்தால் அந்தக் கருவி அன்று வந்திருக்காது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கிரேக்கப் பெயருக்கு ‘மார்பைப் பார்ப்பது’ என்று பொருள். நெருங்காமல் கேட்பதற்குச் செய்த கருவிக்குப் பார்ப்பது என்று பெயர்.

நம் ஊர்க் கதையும் அதேதான். மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் வக்கீலான கணவரோடு சென்னை வந்தவர். ஆண் டாக்டரிடம் காட்ட முடியாமல் பிரசவத்தில் பெண்கள் படும் பாட்டைக் கேட்டுவிட்டு 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1885-ல் கோஷாப் பெண்களுக்கென்று மருத்துவமனை வந்தது. இன்றைக்குத் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று போர்டு இருந்தாலும் சென்னைக்காரர்களுக்கு அது கோஷா ஆஸ்பத்திரிதான். ஐடா ஸ்கடர் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்தவர். ஆண் டாக்டர் வேண்டாம் என்று அந்த வீட்டார் மறுத்துவிட்டார்கள். அவர் டாக்டராகித் திரும்பி வந்து 1900-ல் வேலூரில் வேலையைத் தொடங்கினார். இந்த வரலாற்றை நான் முழுமனதோடு கொண்டாடவில்லை. அந்த மூன்று பெண்களையும் யாரும் கேட்கவில்லை, முடிவெடுத்தவர்கள் வீட்டு ஆண்கள். அவர்களுடைய கௌரவத்தையும் அந்தப் பெண்களின் கூச்சத்தையும் ஒன்றாகக் கட்டிவிடக் கூடாது. ஆனாலும் கூச்சத்துக்குப் பதில் சொல்லத்தான் கட்டடமே கட்டினார்கள். நமக்கு ஒரு வரி திருத்தி எழுத முடியவில்லை.

சட்டமும் இல்லாமல் இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் நோயாளிகளின் உரிமைச் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. 2019-ல் மத்திய சுகாதார அமைச்சகம் அதைப் பின்பற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் கூட இருக்க வேண்டும் என்பது அதில் உண்டு. கேட்கலாம் என்று தெரிந்தால்தானே கேட்பதற்கு.

அந்த வாரம் பள்ளியில் நற்றிணை 201 நடத்த வேண்டி வந்தது, பரணர் பாடியது. கொல்லிப்பாவையைப் பற்றியது. காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் அழகு மாறாத பாவை. தலைவிக்கு அது உவமை. சுற்றுலா வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பாவை எங்கே என்று என்னைத்தான் கேட்பார்கள், அப்புறம் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். நான் பல வருடம் ரசித்து நடத்திய பாட்டு அது. இந்தத் தடவை வேறு ஒன்று உறைத்தது. மாறவே மாறாத உடம்புக்கு டாக்டர் தேவையில்லை. அது யாரிடமும் எதையும் விளக்க வேண்டியதும் இல்லை. பார்த்தவர்கள் சொன்னதை வைத்தே அது இரண்டாயிரம் வருடம் நின்றுவிட்டது. பாட்டைக் குறை சொல்லவில்லை. என்னுடைய உடம்பு அந்த வகை இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் இடைவேளையில் மருத்துவமனைக்குப் போன் போட்டேன். சிவப்புப் பேனாவில் எழுதி வைத்திருந்த கேள்விகள். ஈசிஜி யார் எடுப்பார்? பெண் கிடைப்பாரா? நானே உடை கொண்டு வரலாமா? எதிர்முனையில் இருந்த சிஸ்டர் துளிகூட அலுத்துக்கொள்ளவில்லை. “செவ்வாய், வெள்ளி காலைல லேடி டெக்னீஷியன் இருப்பாங்கம்மா. முன்பக்கம் திறக்கிற காட்டன் நைட்டி போட்டு வாங்க. ஜிப் வேண்டாம், எக்ஸ்ரேல விழும்.” இவ்வளவுதான் வேண்டியிருந்தது. இதைத் தாளில் போடலாமே சிஸ்டர் என்றேன். “யாரும் கேட்கலையேம்மா” என்றார். கேட்காமல் எத்தனை பேர் பஸ் ஏறிப் போனார்களோ என்று வாய் வரைக்கும் வந்தது, நல்லவேளை சொல்லவில்லை.

செம்மேட்டு டெய்லரிடம் நைட்டியின் முன்பக்கம் ஜிப்பை எடுத்துவிட்டு நாடா வைத்துத் தைத்துக்கொண்டேன். டெய்லர் எதற்கென்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை போனபோது பையன் வாசல் மேஜையில் பெயர் பதிந்துகொண்டிருந்தான். “அக்கா உள்ள இருக்காங்க டீச்சர். அன்னிக்கே அவங்களக் கூப்பிட்டிருப்பேன், நீங்க போயிட்டீங்க” என்றான். பட்டியலில் என் பெயரைப் பார்த்ததுமே அவனுக்குக் கை நடுங்கியதாம். என் வெட்கத்தை மட்டுமே நான் ஏழு வாரம் அலசிக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று வயசுப் பையனுக்கும் ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை. ஈசிஜி முடிந்தது. மடிப்புப் புண்ணைப் பார்த்த அந்தப் பெண் “இது பூஞ்சைதான், களிம்பு எழுதித் தரச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஒயரைப் பொருத்தினார்.

எக்கோவில் டாக்டர் ஆண், சிஸ்டர் ஒருவர் பக்கத்திலேயே நின்றார். சுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். சீலிங்கில் ஒரு பல்லியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

தேதி கொடுத்துவிட்டார்கள். கூடவே இரண்டாவது தாள், ஆபரேஷனுக்கு முந்தைய நாளுக்கானது. இதில் 9 வரி. நான்காவது வரி: “தேவையான இடங்களில் சவரம் செய்யப்படும்.” மறுபடியும் செயப்பாட்டு வினை, மறுபடியும் தேவை. எந்த இடங்களில், யாரால்? நாளைக்குக் காலை இடைவேளையில் சிஸ்டருக்குப் போன் போட வேண்டும்.